ஒரே வீட்டுக் கணினியில் இரண்டு லேன் கேபிள்: பாண்டிங் செய்து பார்த்த அனுபவம்

ஆவணி பிறந்துவிட்டால் செங்கோட்டையில் கல்யாண வீடியோ வேலை செய்பவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இந்தப் பக்கம் தென்காசி, கடையநல்லூர் முகூர்த்தங்கள். மலையைத் தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று மலையாளச் சிங்க மாதக் கல்யாணங்கள். இரண்டும் ஒரே மாதம்தான். அதிலும் அந்தப் பக்கத்து மாப்பிள்ளை வளைகுடாவுக்குத் திரும்பும் முன் வீடியோ கையில் கிடைக்க வேண்டும் என்பார்கள். இரண்டு கேமரா, ஒரு டிரோன், எல்லாம் 4கே. ஒரு கல்யாணத்துக்கு 300 ஜிபி சர்வசாதாரணம்.

எங்கள் வீட்டு மாடியில்தான் எடிட்டிங். ஒரு பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு சர்வர் 22.04 (லினக்ஸ்) போட்டு எல்லாக் காட்சிகளையும் அதில் வைத்திருக்கிறேன். எடிட்டிங்குக்கு விண்டோஸ் 11 கணினிகள் இரண்டு. ஜிகாபிட் லேனில் நொடிக்கு 110 மெகாபைட் போல வரும். கணக்குப் போட்டால் 300 ஜிபி நகர முக்கால் மணி நேரம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காப்பி போட்டால் அதுவும் பாதியாகிவிடும். “அண்ணாச்சி, இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கு” என்று எடிட் செய்யும் தம்பி சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான், இரண்டு லேன் போர்ட்டை ஒன்றாக்க முடியுமா என்று இறங்கினேன்.

லினக்ஸில் இதற்கு பாண்டிங் என்று பெயர். கர்னலிலேயே இருக்கிறது, தனியாக வாங்க வேண்டியது எதுவும் இல்லை. மொத்தம் ஏழு மோடுகள், 0 முதல் 6 வரை. வீட்டுக்குத் தேவைப்படுவது மூன்று நான்குதான். மோடு 1, ஆக்டிவ்-பேக்கப்: ஒரு கேபிள் வேலை செய்யும், அது போனால் மற்றது எடுத்துக்கொள்ளும், வேகம் கூடாது. மோடு 6, பேலன்ஸ்-ஏஎல்பி: சாதாரண ஸ்விட்சிலேயே ஓடும், பல கணினிகளுக்குப் பளுவைப் பிரித்துக் கொடுக்கும். மோடு 4தான் 802.3ஏடி: பல கேபிள்களை ஒரே இணைப்பாகக் கூட்டும் முறை. 2000-இல் வந்த தரம், 2008-இல் 802.1ஏஎக்ஸ் என்று எண் மாறியது. இதற்கு ஸ்விட்சும் எல்ஏசிபி (கேபிள்களைச் சேர்க்க இரு முனையும் ஒத்துப்போகும் நெறிமுறை) பேச வேண்டும். மோடு 0 தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளைக் கேபிளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி அனுப்பும். ஒரே காப்பிக்கும் வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் பாக்கெட்டுகள் வரிசை மாறிப் போய்ச் சேரும்போது, தொலைந்துவிட்டது என்று டிசிபி (தரவு முழுதாகப் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் நெறிமுறை) எண்ணி மறுபடி அனுப்பத் தொடங்கும். தினசரி வேலைக்கு அது வேண்டாம் என்று விட்டேன்.

வேறு ஒரு பழைய சர்வரில் இருந்து கழற்றிய, இன்டெல் ஐ350 சிப் உள்ள இரண்டு போர்ட் கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். எல்ஏசிபி தெரிந்த ஸ்மார்ட் ஸ்விட்ச் ஒன்றும் வாங்கினேன். உபுண்டுவில் நெட்வொர்க் அமைப்பை எழுதும் நெட்பிளான் கோப்பில் மோடு 802.3ஏடி, எம்ஐஐ கண்காணிப்பு (கேபிள் இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது) 100 மில்லிசெகண்ட், எல்ஏசிபி வேகம் ஃபாஸ்ட். ஃபாஸ்ட் என்றால் எதிர்முனையை நொடிக்கு ஒருமுறை பேசச் சொல்லும். ஸ்லோ என்றால் 30 நொடிக்கு ஒருமுறை.

இந்த இடத்தில் ஒரு விஷயம். நெட்வொர்க் அமைப்பை மாற்றும்போது ‘நெட்பிளான் டிரை’ போட்டால், நாம் உறுதி செய்யாவிட்டால் 120 நொடியில் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். எல்லோரும் அதை நம்பித்தான் எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு கணினியில் இருந்தே வேலை பார்ப்போம். ஆனால் பாண்டின் அளவுருக்களை அதனால் பழையபடி மாற்ற முடியாது. அதையே சொல்லி, நேரடியாக ‘அப்ளை’ போடச் சொல்லும். ஆகவே மானிட்டரும் கீபோர்டும் கணினியில் மாட்டி, எதிரே உட்கார்ந்து செய்யுங்கள். ஐபி முகவரியையும் நிலையாகவே கொடுத்துவிடுங்கள். ரவுட்டரில் பழைய போர்ட்டின் மேக் முகவரிக்கு (ஒவ்வொரு நெட்வொர்க் போர்ட்டுக்கும் உள்ள அடையாள எண்) ஐபி ஒதுக்கியிருந்தால், பாண்டுக்கு வேறு மேக் வந்ததும் அது பொருந்தாது.

பாண்ட் வந்தது. ஆனால் ஓடியது ஒரு கேபிள் மட்டுமே. ப்ராக் கோப்புறைக்குள் நெட், அதற்குள் பாண்டிங், அதற்குள் பாண்ட்0 என்ற கோப்பைத் திறந்தால் எல்லாமே இருக்கும். அதில் இரண்டு போர்ட்டுக்கும் அக்ரிகேட்டர் ஐடி (எந்தக் கூட்டத்தில் சேர்ந்தது என்று காட்டும் எண்) ஒரே எண்ணாக இருக்க வேண்டும். எனக்கு வேறு வேறாக இருந்தது. போர்ட்டின் வேகத்தைக் காட்டும் ஈத்டூல் போட்டுப் பார்த்தேன்: ஒரு போர்ட் 1000 மெகாபிட், இன்னொன்று 100. 802.3ஏடியில் ஒரே வேகம் உள்ள இணைப்புகள் மட்டும்தான் ஒரு கூட்டமாகச் சேரும். 100-இல் நிற்கும் போர்ட் தனி அக்ரிகேட்டராக ஒதுங்கிவிடும்.

காரணம் கேபிள். ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். 100-க்கு நான்கு போதும். பிரவுன் ஜோடி அறுந்துகிடந்தாலும் அது ஓடும். வெட்டிப் பார்த்தபோது உள்ளே செம்பு இல்லை, செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். கடைக்காரர் கேட்5இ என்றுதான் கொடுத்தார். அலுமினியக் கம்பி வளைக்கிற இடத்தில் சீக்கிரம் ஒடியும். அதிலும் எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் சாரல் அடித்து மாடி முழுக்க ஈரம் ஏறும். கேபிள் வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முழுச் செம்புக் கேபிள் போட்டதும் இரண்டும் ஒரே அக்ரிகேட்டருக்கு வந்தன. வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டினேன்: நொடிக்கு 941 மெகாபிட் (எட்டு மெகாபிட் ஒரு மெகாபைட்). ஒரு கேபிளில் வருவது எவ்வளவோ அவ்வளவேதான்.

இங்கேதான் நிறையப் பேர் பாண்டிங் வேலை செய்யவில்லை என்று கைவிடுகிறார்கள். அது சரியாகத்தான் வேலை செய்கிறது. புளியறை செக்போஸ்டில் இரண்டு வரிசை திறந்தால் இரண்டு லாரி சேர்ந்து போகலாம், ஒரு லாரியை இரண்டாகப் பிளந்து அனுப்ப முடியாது. ஒரு இணைப்பின் பாக்கெட்டுகள் வரிசை குலையக் கூடாது என்பதற்காக, ஒரு இணைப்பு முழுவதையும் ஒரே கேபிளில்தான் விடுவார்கள். எந்தக் கேபிள் என்பதை ஒரு ஹாஷ் கணக்கு முடிவு செய்யும்.

அந்தக் கணக்கிலும் ஒரு சங்கதி உண்டு. இரண்டு எடிட்டிங் கணினியிலும் ஒரே நேரத்தில் காப்பி ஓடவிட்டேன். அப்போதும் மொத்தம் ஒரு ஜிகாபிட்தான். இயல்பாக இருப்பது லேயர்2 ஹாஷ். அது மேக் முகவரிகளை வைத்துக் கணக்கிடும். கேபிள் இரண்டே என்பதால், மேக் முகவரியின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதில் வந்து நிற்கிறது விஷயம். என் இரண்டு கணினிக்கும் இரட்டை. இரண்டும் ஒரே கேபிளில் போய் விழுந்தன. லேயர்3+4 என்று மாற்றினேன், ஐபியும் டிசிபி போர்ட் எண்ணும் சேர்ந்து கணக்கில் வந்தன, இருவருக்கும் ஆளுக்கு 110 மெகாபைட் கிடைத்தது. ஆனால் இது சர்வரில் இருந்து வெளியே போகும் திசைக்கு மட்டும். உள்ளே வரும் திசையில் கேபிளைத் தேர்வது ஸ்விட்ச். என் ஸ்விட்சுக்கு மேக் கணக்கு மட்டும்தான் தெரியும். ஸ்விட்ச் வாங்குவதற்கு முன் அதில் ஐபி வைத்துப் பிரிக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எனக்கு வேண்டியிருந்ததோ ஒரே காப்பி வேகமாக முடிவது. மெமரி கார்டில் இருந்து தம்பியின் கணினிக்கு வந்த 300 ஜிபி, சர்வருக்கு ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். அதற்கு விடை பாண்டிங் இல்லை, விண்டோஸின் ஃபைல் பகிர்வு முறையான எஸ்எம்பியில் உள்ள மல்டிசேனல். விண்டோஸ் 8 காலத்தில் எஸ்எம்பி 3.0-உடன் வந்தது. ஒரே ஃபைல் காப்பியை அதுவே பல இணைப்புகளாகப் பிரித்து எல்லாக் கேபிளிலும் அனுப்பும். எஸ்எம்பி பேசும் மென்பொருளான சம்பாவில் 4.15 முதல் லினக்ஸில் இயல்பாகவே ஆன் ஆகியிருக்கிறது. உபுண்டு 22.04-இல் இருப்பதும் 4.15தான். விண்டோஸ் 11-இல், விண்டோஸ் சர்வரில் உள்ளது போன்ற என்ஐசி டீமிங் (விண்டோஸில் பாண்டிங்குக்குப் பெயர்) கிடையாது. மல்டிசேனலுக்கு அது தேவையும் இல்லை.

பாண்டைக் கலைத்தேன். தம்பியின் கணினியிலும் ஒரு இரண்டு போர்ட் கார்டைப் போட்டேன். முதல் போர்ட்டுகளுக்கு 192.168.10 வரிசை, இரண்டாவதற்கு 192.168.20 வரிசை. இரண்டையும் ஒரே சப்நெட்டில் (ஒரே ஐபி வரிசையில்) வைத்தால் லினக்ஸ் ஒரு கார்டின் ஐபிக்கு இன்னொரு கார்டு வழியாக ஏஆர்பி (இந்த ஐபி யாருடையது என்ற விசாரிப்பு) பதில் சொல்லக்கூடும், அதனால்தான் பிரித்தேன். கேட்வே (இன்டர்நெட்டுக்கான வழி) ஒரு போர்ட்டில் மட்டும். பிறகு காப்பி ஓடும்போது பவர்ஷெல்லில் ‘கெட்-எஸ்எம்பிமல்டிசேனல்கனெக்ஷன்’ போட்டால் இரண்டு வழியும் வரிசையாகத் தெரிந்தன. வேகம் 220 மெகாபைட்டைத் தொட்டது. முக்கால் மணி நேரம் எடுத்த காப்பி இருபத்து மூன்று நிமிடத்துக்கு வந்துவிட்டது. ஓடும்போதே ஒரு கேபிளைப் பிடுங்கினாலும் காப்பி நிற்கவில்லை, வேகம் பாதியாகித் தொடர்ந்தது. தம்பி எழுந்து வந்து திரையைப் பார்த்துவிட்டு, “இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே அண்ணாச்சி” என்றான்.

இந்த வேகத்துக்கு டிஸ்கும் ஈடு கொடுக்க வேண்டும். ஒற்றை ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150, 200 மெகாபைட்டிலேயே திணறும். நடப்பு வேலைகளை எஸ்எஸ்டியில் வைத்து, முடிந்ததை ஹார்ட் டிஸ்குக்கு மாற்றுகிறேன்.

இப்போது புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது 2.5ஜி (2.5 ஜிகாபிட்) கார்டும் 2.5ஜி ஸ்விட்சும். 802.3பிஇசட், 2016-இல் வந்த தரம். நல்ல கேட்5இ கேபிளிலேயே 100 மீட்டர் ஓடும். ஒரே கேபிள், ஒரே ஐபி, ஹாஷ் தலைவலி இல்லை. கையில் ஏற்கெனவே ஜிகாபிட் கார்டுகள் இருப்பவர்களுக்கு மல்டிசேனல். பத்துப் பேர் ஒரு சர்வரைப் பயன்படுத்தும் அலுவலகம் என்றால் 802.3ஏடி.

இரண்டு இன்டர்நெட் இணைப்பை இப்படிச் சேர்க்கலாமா என்று புளியறையில் இருந்து ஒரு நண்பர் கேட்டார். காற்றுக் காலத்தில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் அவருக்கு வேலை நின்றுவிடுகிறது. பாண்டிங் அதற்கு ஆகாது; இரண்டு கேபிளும் ஒரே லேனுக்குப் போகும் இடத்துக்கானது அது. அவருக்கு வேண்டியது இரண்டு வான் (இன்டர்நெட் இணைப்பு) போர்ட் உள்ள ரவுட்டர், அல்லது ரவுட்டருக்கான திறந்த மென்பொருள் ஓபன்டபிள்யூஆர்டியில் எம்வான்3 என்ற தொகுப்பு. ஒன்று போனால் மற்றதற்கு மாறிக்கொள்ளும். ஒரு டவுன்லோடு இரண்டு மடங்கு வேகமாக இறங்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம் என்றேன். அவர் கேட்டதும் அறுந்தால் மாற வேண்டும் என்பதைத்தான், அதனால் ரவுட்டரையே வாங்கப் போகிறார்.