20-ஆம் தேதி, போன் நெட்டை வைத்து 8 ரிட்டர்ன் போட்ட அனுபவம்

காலை பத்தேகால் மணிக்கு மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. எல்ஓஎஸ் என்று எழுதியிருக்குமே, அந்த விளக்கு. அது சிவந்துவிட்டால் மோடத்தை அணைத்துப் போட்டுப் பிரயோஜனமில்லை, பெரும்பாலும் ஃபைபர் எங்கேயோ அறுந்திருக்கும். தெருமுனைக்குப் போய்ப் பார்த்தேன். குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய பொக்லைன், கேபிளையும் சேர்த்து வாரிப் போட்டிருந்தது. இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்கு நாலு முறை போன் செய்தேன். நாலு முறையும் "டிக்கெட் போட்டாச்சுங்க மேடம், 24 மணி நேரத்துல சரியாயிரும்" என்ற ஒரே பதில்தான். எனக்கு 24 மணி நேரம் இல்லை. அன்று 20-ஆம் தேதி.

பவானியில் கணக்கு எழுதும் அலுவலகம் வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன், போட அன்றுதான் கடைசி நாள், எட்டு பேருடையது பாக்கி. ஏன் கடைசி நாள் வரை வைத்தீர்கள் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். பில் கட்டு 18-ஆம் தேதி சாயங்காலம்தான் நம் மேசைக்கு வரும். ஒரு நாள் தவறினால் ஒவ்வொருவருக்கும் தினம் 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ரூபாயை விடுங்கள், "உங்ககிட்ட குடுத்தும் லேட் ஆயிருச்சே" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தச் சொல் எனக்குப் பல மாதம் உறுத்தும்.

சரி, போனில் நெட் இருக்கிறதே என்று ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது, ஆபீஸ் கம்ப்யூட்டர் டெஸ்க்டாப், அதில் வைஃபையே கிடையாது. ஆறு வருஷமாக மோடத்திலிருந்து வயரில்தான் ஓடுகிறது. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே இதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை இல்லையென்றால் உடனே கைகொடுக்கும் வழி யூஎஸ்பி டெதரிங், அதாவது சார்ஜர் கேபிளில் போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்து அதன் வழியாகவே நெட் எடுப்பது. புளூடூத்திலும் எடுக்கலாம் என்பார்கள். இந்த வேலைக்கு அந்த வேகம் போதாது.

இங்கே முதல் அடி. கேபிளைச் செருகினேன், போன் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் செட்டிங்கில் யூஎஸ்பி டெதரிங் என்ற வரி மங்கலாகவே கிடக்கிறது, தொட்டால் அசையவில்லை. ஆபீஸில் இருந்த மூன்று கேபிளையும் மாற்றிப் பார்த்தேன். முன்பக்கத் துளை, பின்பக்கத் துளை இரண்டிலும் பார்த்தேன். போனை அணைத்துப் போட்டேன். அரை மணி நேரம் போனதுதான் மிச்சம். பக்கத்து மொபைல் கடைத் தம்பி வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அக்கா, மூணும் சார்ஜிங் கேபிளுங்க்கா, டேட்டா போகாதுங்க" என்றான். சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பி இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. விலை மலிவாகக் கிடைக்கும் சிலதில் தகவல் கம்பி இரண்டும் இருக்காது. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அவன் கடையிலும் அன்றைக்கு என் போனுக்கான டேட்டா கேபிள் ஸ்டாக் இல்லை. போனோடு பெட்டியில் வந்த கேபிள் வீட்டில் இருந்தது, ஆபீஸ் பையனை வண்டியில் அனுப்பி எடுத்து வரச் சொன்னேன். அது ஒரு முக்கால் மணி நேரம்.

கேபிளைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் செருகியதும் போனின் மேல்பட்டியை இழுத்துப் பாருங்கள். ஃபைல் டிரான்ஸ்ஃபர் வேண்டுமா என்கிற மாதிரி ஒரு அறிவிப்பு வந்தால் நல்ல கேபிள். வெறும் சார்ஜ் மட்டும் ஏறி, வேறு எந்த அறிவிப்பும் இல்லையென்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

நல்ல கேபிள் வந்ததும் ஒரே தொடுதலில் நெட் வந்துவிட்டது. இரண்டு ரிட்டர்ன் மளமளவென்று போட்டு முடித்தேன்.

மூன்றாவதைத் திறக்கும்போது போனில் குறுஞ்செய்தி: இன்றைய டேட்டாவில் 90 சதவீதம் தீர்ந்தது. என்னுடையது தினம் 1.5 ஜிபி திட்டம். இரண்டு ரிட்டர்னுக்கு அவ்வளவு போக வாய்ப்பே இல்லை, அந்தப் பக்கங்கள் எல்லாம் எழுத்தும் கட்டமும்தான். விண்டோஸில் டேட்டா யூசேஜ் பக்கத்தைத் திறந்தால் உண்மை தெரிந்தது. நான் வரிக் கணக்கைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் விண்டோஸ் அப்டேட் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு கணக்கு எழுதும் டேலி மென்பொருளின் பேக்கப் ஃபோல்டர் முழுவதும் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரைச் சொல்லிக் குற்றமில்லை. யூஎஸ்பியில் வரும் போன் நெட்டை அது ஈதர்நெட் என்றே எடுத்துக்கொள்கிறது, வயர் நெட் என்றால் அளவில்லாதது என்று நினைத்து இஷ்டத்துக்கு இறக்குகிறது. அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். செட்டிங்ஸில் நெட்வொர்க், அதில் ஈதர்நெட், அதில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று ஒரு பட்டன் இருக்கும், அதை ஆன் செய்தால் அப்டேட்டுகள் பெரும்பாலும் நின்றுவிடும். கிளவுட் பேக்கப்பை நான் கையாலேயே நிறுத்தி வைத்தேன். இந்தப் பட்டன் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி என்பதை மறக்க வேண்டாம். வைஃபைக்குப் போட்டது யூஎஸ்பிக்குச் செல்லாது.

நான் பட்டனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் 1.5 ஜிபியும் தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸுக்கு இறங்கிவிட்டது. அப்படியென்றால் நொடிக்கு 8 கிலோபைட், ஒரு எம்பி வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல். லாகின் பக்கத்தில் கேப்சா படம்கூட வரவில்லை. அந்த நெட்டில் ரீசார்ஜ் செய்யவும் முடியவில்லை. பையனின் போனிலிருந்து என் நம்பருக்கு டேட்டா பூஸ்டர் போட்டதும் இரண்டு நிமிடத்தில் வேகம் திரும்பியது.

இனி சிக்கனமாக இருப்போம் என்று போனில் டேட்டா சேவரை ஆன் செய்தேன். டெதரிங் உடனே அணைந்தது. ஆண்ட்ராய்டில் டேட்டா சேவர் ஓடினால் நெட்டைப் பகிர விடாது. மீட்டர் கட்டுப்பாட்டைக் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும், போனில் அல்ல.

இத்தனையும் நேரம் வீணான கணக்குத்தான். மதியம் நடந்ததுதான் வயிற்றைக் கலக்கியது.

ஜமக்காள வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர், பத்து வருஷ வாடிக்கையாளர், வரி கட்ட நேரிலேயே வந்திருந்தார். ரிட்டர்னை சேவ் செய்து, சலான் போட்டு, அவர் என் கம்ப்யூட்டரிலேயே நெட்பேங்கிங்கில் நுழைந்து ஓடிபியும் போட்டுவிட்டார். 41,680 ரூபாய். உறுதி செய்யும் பட்டனை அழுத்தின நொடி என் போன் அடித்தது. இன்னொரு வாடிக்கையாளர், அவர் ரிட்டர்னுக்கு வந்த ஓடிபியைச் சொல்லக் கூப்பிடுகிறார். எடுத்தேன். எடுத்ததும் திரையில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது, பிறகு பக்கமே வெள்ளையாகிவிட்டது.

பெரியவருடைய போனில் பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. திரும்ப ஜிஎஸ்டி தளத்தில் லாகின் செய்து, கட்டிய பணம் வந்து நிற்கும் கேஷ் லெட்ஜரைப் பார்த்தால் பூஜ்யம்.

"ஏனுங் அம்மிணி, பணம் போயிருச்சுங்களா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் கை சில்லிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "வேணும்னா இன்னொருக்கா கட்டீரலாமுங்களா, தேதி தாண்டிருமல்ல?" என்று அவரே கேட்டார். கூடாது என்றேன். இந்த இடத்தில் அவசரப்பட்டு இரண்டாவது முறை கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு தொகையும் லெட்ஜரில் வந்து சேரும், வியாபாரத்துக்குச் சுழல வேண்டிய பணம் அங்கே முடங்கிக் கிடக்கும். சலான் ஹிஸ்டரிக்குப் போய் அந்தச் சலானின் அடையாள எண்ணான சிபின் நம்பரை வைத்து நிலையைப் பார்க்க வேண்டும். வங்கியிலிருந்து தகவல் வந்து சேர நேரம் எடுக்கும். இருபத்தைந்து நிமிடம் இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டீ வாங்கி வரச் சொன்னேன், அவரும் குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை. ஆறாவதோ ஏழாவதோ முறை பார்க்கும்போது 'பெய்டு' என்று மாறியிருந்தது. லெட்ஜரில் 41,680. உடனே ஆஃப்செட் செய்து, அதாவது அந்தப் பணத்தை வரிக்கு ஈடுகட்டி, ஓடிபி போட்டு, ரிட்டர்ன் ஏறியதற்கான ஏஆர்என் எண் வந்ததும் அதை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வர்றனுங் அம்மிணி" என்று கிளம்பினார். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது ஆபீஸ் பையன். "அக்கா, போன் வர்றப்பல்லாம் நெட் கட்டாகுது, கவனிச்சீங்களா?" என்றான். என் போனில் இரண்டு சிம். பழைய நம்பர் முதல் சிம், ஊரில் எல்லோருக்கும் அதுதான் தெரியும். நெட் ஓடுவது இரண்டாவது சிம்மில். பல போன்களில் இரண்டு சிம்மும் ஒரே நேரத்தில் காத்திருக்கும், ஆனால் ஒன்றில் பேச ஆரம்பித்தால் மற்றதில் டேட்டா நின்றுவிடும். போனில் வீடியோ பார்க்கும்போது இதை நாம் கவனிப்பதே இல்லை, பேசி முடித்ததும் தானாக ஓடிவிடும். கம்ப்யூட்டரில் வங்கிப் பக்கம் பாதியில் நிற்கும்போதுதான் அது இடி. காலையிலிருந்து இரண்டு முறை பக்கம் தொங்கியதற்கும் இதுதான் காரணம், நான் சிக்னல் சரியில்லை என்று போனை ஜன்னலுக்கு ஜன்னல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

நெட்டும் பேச்சும் ஒரே சிம்மில் இருந்து, 4ஜி வழியாகவே பேசும் வோல்ட்டி வசதி ஆன் ஆகியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை, இரண்டும் சேர்ந்தே ஓடும். சில போன்களில் பேசும்போது டேட்டாவைத் தற்காலிகமாக மற்ற சிம்முக்கு மாற்றும் வசதி சிம் செட்டிங்கில் இருக்கிறது, ஆனால் அந்தச் சிம்மிலும் டேட்டா இருக்க வேண்டும். எனக்கு அன்று அதற்கெல்லாம் பொறுமையில்லை. முதல் சிம்முக்கு வரும் அழைப்புகள் எல்லாம் பையன் போனுக்குப் போகும்படி கால் ஃபார்வர்டிங் போட்டேன். அவன் வாசலில் உட்கார்ந்து ஓடிபிகளைக் கேட்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்து தந்தான். அதன் பிறகு ஒரு முறைகூட நெட் அறுபடவில்லை.

மீதி ஐந்தும் தொந்தரவில்லாமல் போயின. ஒன்று கம்பெனி, ஓடிபிக்குப் பதில் யூஎஸ்பியில் செருகும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போட வேண்டியது, அதுவும் சரியாக வேலை செய்தது. போன் மட்டும் நன்றாகச் சூடேறியது. உறையைக் கழற்றி, ஃபேன் காற்று படும் இடத்தில் வைத்தேன், மேலே ஃபைல் எதையும் போடவில்லை. சாயங்காலம் கரண்ட் போனபோது யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர் ஓடியது. மோடத்துக்கு யூபிஎஸ் இணைப்பு கிடையாது, மற்ற நாளாக இருந்தால் நெட் நின்றிருக்கும். அன்று நிற்கவில்லை.

எட்டாவது ஏஆர்என் இரவு 9.40-க்கு வந்தது. கதவைப் பூட்டும்போது பையனிடம் நாளைக்கு மத்தியானத்துக்கு மேல் வந்தால் போதும் என்றேன்.

அடுத்த வாரமே டெஸ்க்டாப்புக்கு ஒரு வைஃபை டாங்கிள் வாங்கினேன். அதிலும் ஒரு சிக்கல். செருகினால் ஊர் வைஃபை எல்லாம் காட்டுகிறது, என் போன் ஹாட்ஸ்பாட்டை மட்டும் காட்டவில்லை. டாங்கிள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் எடுக்கக்கூடியது, போன் 5 கிகாஹெர்ட்ஸில் பகிர்ந்துகொண்டிருந்தது. ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் பேண்டை 2.4-க்கு மாற்றியதும் வந்துவிட்டது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு அதே இடத்தில் 'மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' என்று இருக்கும். டாங்கிள் இருந்தாலும் கடைசி நாள் வேலைக்கு நான் கேபிளைத்தான் நம்புவேன், போனில் சார்ஜும் நிற்கும். ஹாட்ஸ்பாட் போட்டால் பாஸ்வேர்டைக் காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்காதீர்கள். கேட்பார்கள், மறுக்கச் சங்கடமாக இருக்கும், அவர்கள் பார்க்கும் இரண்டு வீடியோவில் உங்கள் அன்றைய டேட்டா முடிந்துவிடும்.

சார்ஜிங் கேபிள் மூன்றிலும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். பெட்டியில் வந்த கேபிள் இப்போது ஆபீஸ் டிராயரில் இருக்கிறது, யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஃபைபர் 22-ஆம் தேதி காலையில்தான் திரும்ப வந்தது. மாதக் கட்டணத்தில் அந்த இரண்டு நாளைக் கழிக்கச் சொல்லி எழுதியிருந்தேன். முழுத் தொகைக்கும் பில் வந்திருக்கிறது. மறுபடி எழுதியிருக்கிறேன், இந்த முறை டிக்கெட் நம்பர் நான்கையும் சேர்த்து.