பெரியவளின் வயிற்றுவலி

ஜூலை 6, 2025, ஞாயிறு

நண்டு வெட்டும்போது கத்தி வழுக்கி இடது கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. பெரிய காயமில்லை. ஆனால் தொட்டியெல்லாம் ரத்தம். நான் "ஐயோ" என்று கத்தியதும் சின்னவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். உள்ளே குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. பெரியவள்தான் பஞ்சும் மருந்தும் கொண்டுவந்து கட்டுப் போட்டாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பதின்மூன்று வயதுக்கு அந்த நிதானம் கொஞ்சம் அதிகம்தான்.

சாப்பிட வந்திருந்த நாத்தனார், "பெற்றவளுக்கு ரத்தம் கொட்டுகிறது, இவன் ஓடுகிறான் பார். என்ன இருந்தாலும் பெண்பிள்ளை பெண்பிள்ளைதான்" என்றார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் என் வாயிலிருந்து தப்பித்தார்.

இரவு படுக்கப் போகுமுன் சின்னவன் வந்தான். விரலைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தபடி கேட்டான்: "எத்தனை மில்லிமீட்டர் ஆழம்?" மூன்று இருக்கும் என்றேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி வந்தான். "இப்போது?"

ஜூலை 9, புதன்

பள்ளி முடிந்து, பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் பிடித்து, ஆட்டிசம் உள்ள சின்னவனின் தெரப்பிக்குப் போனோம். முகங்கள் வரைந்த அட்டைகளைக் காட்டுவது இன்றும் நடந்தது. அழுகிற முகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கண்ணில் தண்ணீர். வெங்காயமா?" என்றான். தெரப்பிஸ்ட் இளம் மலாய்ப் பெண், சிரித்துவிட்டார். நானும்தான். அவன் கேட்டதில் என்ன தப்பு? எங்கள் வீட்டில் பெரும்பாலும் வெங்காயம்தான்.

"உனக்கு இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டதற்கு "காது சூடாக இருக்கிறது" என்றான். கோபமா, வெட்கமா, பயமா என்று மூன்று விதமாகக் கேட்டார். மூன்றுக்கும் "தெரியவில்லை". உணர்ச்சிகளில் அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் 'கெராம்'. வகுப்பில் யாரோ சொல்லிப் பழகியது. பல்லைக் கடிக்க வைக்கும் எரிச்சலுக்கு மலாய்க்காரர்கள் சொல்வது. கொழுகொழு குழந்தையைப் பார்த்துக் கிள்ளத் தோன்றினாலும் அதே சொல்தான். சின்னவன் இரண்டுக்குமே சரியாகப் பயன்படுத்துகிறான்.

தன் உள்ளே நடப்பதைப் பிரித்தறியவும் சொல்லவும் முடியாத நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயராம். ஆட்டிசம் வேறு, இது வேறு என்று அவர் அழுத்திச் சொன்னார். பெற்றோர் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்றைக் கொடுத்தார். கேட்டு, கூடுதலாக ஒரு பிரதி வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது.

ஜூலை 12, சனி

கணவருக்குப் பிறை ஊரில் ஓவர்டைம். வீடு அமைதியாக இருந்ததால் உட்கார்ந்து படித்தேன்.

கிரேக்க வேர்களைக் கோத்து அந்தப் பெயரை உண்டாக்கியவர் பீட்டர் சிஃப்னியோஸ். பாஸ்டனில் மனநல மருத்துவராக இருந்தவர், 1970களின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். 'உணர்வுக்குச் சொல் இல்லாமை' என்று பிரிக்கலாம். அது தனியே ஒரு நோய் அல்ல, ஒரு தன்மை. கொஞ்சமாகவோ நிறையவோ யாருக்கும் இருக்கலாம். 2019இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில், ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருந்தது. இல்லாதவர்களில் 100க்கு 5 பேர். அந்தப் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மீதிப் பாதியை மறந்துவிடுகிறார்கள். அந்த ஐந்து பேரையும்.

ஜெஃப்ரி பேர்ட் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் வெகுநேரம் நின்றுவிட்டேன். நெருங்கிய ஒருவரின் கையில் வலி கொடுக்கும்போது, பார்த்திருப்பவரின் மூளையில் இன்சுலா என்னும் பகுதி எவ்வளவு கிளர்கிறது என்று அளந்தார்கள். ஆட்டிசம் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து அது மாறவில்லை. அலெக்ஸிதைமியா கூடக்கூடக் கிளர்ச்சி குறைந்தது, ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் அப்படியே. பங்கேற்றவர்கள் பெரியவர்கள், ஆகவே ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே தைத்துப் போட முடியாது. இருந்தாலும் நாத்தனாரின் முகம் நினைவுக்கு வந்தது.

தமிழில் ஆட்டிசத்துக்கு 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. இறுகிக் கிடப்பது யாருடைய மதி என்று இந்த வீட்டில் எனக்கு அடிக்கடி சந்தேகம் வருகிறது.

ஜூலை 15, செவ்வாய்

பெரியவளுக்கு மறுபடி வயிற்றுவலி. இது ஐந்தாவது தடவை. கிளினிக்கில் ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. மாத்திரை கொடுத்தார்கள்.

"பள்ளியில் ஏதாவது நடந்ததா அம்மா?"

"ஒன்றுமில்லை."

"மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறதா?"

"வயிறு வலிக்கிறது என்கிறேனே."

இரவு சின்னவனின் படிவத்தை முடித்துவிட்டு இரண்டாவது பிரதியை எடுத்தேன். பாதி தாண்டுமுன் கை நின்றுவிட்டது. தம்பியைவிட அக்காவுக்குத்தான் நான் அதிகம் குறியிட்டிருந்தேன். இவள் நன்றாகப் பேசுவாள், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள். யார் கேட்டாலும் புன்னகையோடு பதில் சொல்வாள். அதனாலேயே இவளை யாரும் அட்டை காட்டிக் கேட்டதில்லை.

அலெக்ஸிதைமியாவை அளக்கும், பெரியவர்களுக்கான டொரொண்டோ அளவுகோலில் 20 கூற்றுகள் இருக்கின்றன. மருத்துவர்களுக்கே புரியாத உடல் உணர்வுகள் தனக்கு உண்டு என்பது அவற்றில் ஒன்று. 2006இல் நெதர்லாந்தின் கரோலின் ரீஃப் குழுவினர் பிள்ளைகளே தம்மைப் பற்றிப் பதில் சொல்லும்படி அதை மாற்றி அமைத்தார்கள். நான் நிரப்பிய தாளை வைத்து ஒன்றும் முடிவுகட்டப் போவதில்லை. நான் தமிழாசிரியை, மருத்துவர் இல்லை.

ஜூலை 19, சனி

அவரிடம் அந்த 20 கூற்றுகளையும் வாசித்துக் காட்டினேன். 61 எடுத்தால் அலெக்ஸிதைமியா என்று கொள்வார்கள். நடுவில், "இதையெல்லாம் யார் யோசிப்பார்கள்? பசிக்கிறது, சோறு போடு" என்று எழுந்துவிட்டார். பதினாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவருடைய எல்லா உணர்ச்சிக்கும் அந்த ஒரு சொல்தான். கூட்டிப் பார்க்கத் தேவைப்படவில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை எடுத்துப் புரட்டினேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எட்டையும் கல்லூரியில் ஒப்பித்தவள் நான். உள்ளே இருப்பது மெய்யில் படுவதால் மெய்ப்பாடு. ஆனால் அது பார்ப்பவனுக்கான இலக்கணம். தன் மெய்யில் படுவது என்னவென்று தனக்கே தெரியாதவனுக்கு? அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று நான்கு காரணம் சொன்ன தொல்காப்பியர், இடைநிலைப்பள்ளி முதலாம் ஆண்டு வகுப்பறையைச் சொல்லவில்லை.

நம் மொழியில் உடம்பு வழியாகச் சொல்ல எவ்வளவு இருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, தொண்டை அடைக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது. அட்டைக்குப் பதில் இவற்றைச் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். 'வயிறு எரிகிறது' என்றதும் சின்னவன் எழுந்து போய்க் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். குடித்து வைத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

நாள் முழுதும் மழை. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 24, வியாழன்

சின்னவனின் கணக்கு நோட்டைத் திருத்தும்போது கடைசிப் பக்கத்தில் இது இருந்தது. அவன் கையெழுத்து, கோடு போட்டு:

அக்கா அலமாரி. 1 தடவை மூடினால் சரி. 2 தடவை மூடினால் கிட்டே போகக் கூடாது.
அப்பா சாவி. தூக்கிப் போட்டால் சரி. மெதுவாக வைத்தால் சரியில்லை.
அம்மா. பேசாமல் பாத்திரம் கழுவினால் சரியில்லை.

கீழே, ஜூன் மாதத்துக்கு நாள்வாரியாக அக்காவின் கணக்கு. 1, 1, 1, 2, 2, 2. முதல் மூன்று நாளுக்கு மட்டும் 1.

நோட்டை மூடவும் முடியவில்லை, படிக்கவும் முடியவில்லை. அக்கா அழுதால்கூட இவன் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அவளே எத்தனை தடவை குறைப்பட்டிருக்கிறாள். இவனோ கிட்டே போகக் கூடாது என்று கணக்கு வைத்து ஒதுங்கியிருக்கிறான். தானும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதினார்: புரியாமை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை, இரு தரப்பும் ஒருவரையொருவர் படிக்கத் தவறுகிறார்கள் என்று. போன வாரம் படித்தபோது தலையாட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

ஜூலை 26, சனி

பெரியவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "ஜூன் நான்காம் தேதி என்ன நடந்தது?" என்றேன். விடுமுறை நாளாயிற்றே என்று யோசித்தாள். பிறகு கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். தமிழ்ப்பள்ளியிலிருந்து கூடவே வந்த நால்வர், இவள் இருந்த வாட்ஸ்அப் குழுவை விட்டுவிட்டு இவள் இல்லாத புதுக் குழு ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். பள்ளி திறந்த பிறகு ஓய்வு நேரத்தில் மேசையில் இவளுக்கு இடமில்லை. நடந்ததை வரிசையாக, செய்தி வாசிப்பதுபோல் சொன்னாள். வருத்தமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். "எங்கே வலிக்கிறது?" என்றேன். மேல் வயிற்றில் கை வைத்தாள். சாப்பாட்டு மணி அடிக்கும்போது அங்கேதான் தொடங்குகிறதாம்.

தேதி எப்படித் தெரியும் என்று கேட்டாள். நோட்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவனுக்கு வேறு வேலை இல்லையா?" என்றாள். ஆனால் நோட்டைத் திருப்பித் தரவில்லை.

இரவு இருவரும் படுத்தாயிற்று. அலமாரிக் கதவு ஒருமுறை, மிக மெதுவாக மூடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இருட்டில் சின்னவனின் குரல்: "இன்னொன்று?"

அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்து மறுபடி மூடினாள்.

"சரி" என்றான், திரும்பிப் படுத்துக்கொண்டான்.