வளையாத சுரம்

பிப்ரவரி 8, 2026, ஞாயிறு

1966 இல் இதே தேதியில், நான் குடியிருக்கும் இந்த நியூ ஜெர்சியில்தான், எங்கில்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில், நான்கு பேர் ஓர் இசைத்தட்டு முழுவதையும் ஒரே நாளில் வாசித்து முடித்திருக்கிறார்கள். உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோன் பாபி ஹட்சர்சன். பியானோ ஹெர்பி ஹான்காக். இருவருக்கும் 25 வயது. டபுள் பேஸ் பாப் க்ரான்ஷா, டிரம்ஸ் ஜோ சேம்பர்ஸ். தட்டின் பெயர் 'ஹேப்பனிங்ஸ்', ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் வெளியீடு. ஏழு உருப்படிகளில் ஆறு ஹட்சர்சன் எழுதியவை. ஒன்று மட்டும் ஹான்காக்குடையது.

60 வருடம் பழையதாக இருந்தால் என்ன, எனக்கு இது போன வாரம் வந்த புதுத் தட்டு. மகள் பள்ளியில் வைப்ரஃபோன் வாசிக்க ஆரம்பித்திராவிட்டால் இதுவும் என்னிடம் வந்திருக்காது.

இன்று முதல் பக்கத்தை மட்டும் இரண்டு முறை கேட்டேன். பிடித்திருக்கிறது. பிடித்ததுதான் சங்கடமாகவும் இருக்கிறது. நான் வீணை வீட்டில் வளர்ந்தவன். சுரத்தை வளைக்க, அதாவது கமகம் கொடுக்க, முடியாத வாத்தியம் எங்கள் வீட்டில் வாத்தியமே இல்லை. ஹார்மோனியத்தை 1940 இல் அகில இந்திய வானொலி தடை செய்ததைப் பாட்டி ஏதோ சொந்த வெற்றிபோலச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஹார்மோனியமாவது காற்று இருக்கும் வரை சுரத்தைப் பிடித்து நிறுத்தும். வைப்ரஃபோனில் தட்டிய கணத்திலிருந்தே சுரம் தேய ஆரம்பித்துவிடுகிறது. வளையவும் வளையாது, நிற்கவும் நிற்காது. பிறகு எதை வைத்துப் பாடுகிறது?

பிப்ரவரி 10, செவ்வாய்

'அக்வேரியன் மூன்' வேகமான உருப்படி. அலுவலகத்துக்குக் கார் ஓட்டும்போது கேட்கக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். கால் தானாக அழுத்துகிறது.

இரண்டாவது உருப்படி 'புக்கே' அதற்கு நேர் எதிர். மெதுவான மூன்றெண்ணிக்கை. இரவு சமையலறை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். ஹட்சர்சன் ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு அது என்ன ஆகிறது என்று தானும் நம்முடன் உட்கார்ந்து கேட்கிறார். ஹான்காக் அந்த இடத்தில் கை வைப்பதில்லை. மரியாதை தெரிந்த பியானோக்காரர். ஹட்சர்சனின் சொந்த மெட்டு என்பதால்தான் இவ்வளவு இடம் விட்டு எழுத முடிந்திருக்கிறது என்று தோன்றுகிறது. தேயும் ஒலிக்கென்றே அளவெடுத்துத் தைத்த மெட்டு.

பிப்ரவரி 11, புதன்

அம்மாவுக்குக் கைப்பேசியில் 'புக்கே'யைப் போட்டுக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள்.

"நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏண்டா எல்லாச் சுரமும் குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்கிற மாதிரி நிற்கிறது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அது குறையா பாராட்டா என்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 14, சனி

மகளைப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். குளிர்காலத்தில் பள்ளியின் தாளவாத்தியக் குழு உடற்பயிற்சிக் கூடத்துக்குள் ஒத்திகை பார்க்கும். முன்வரிசையில் மரப்பட்டைகள் கொண்ட மரிம்பாக்கள், வைப்ரஃபோன்கள். இடைவேளையில் எனக்கு வகுப்பு எடுத்தாள்.

37 அலுமினியப் பட்டைகள், மூன்று ஸ்தாயி. ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய். பட்டைகளின் அடியில் ஃபெல்ட் ஒட்டிய நீளமான சட்டம் ஒன்று அழுந்தியிருக்கிறது. காலால் பெடலை மிதித்தால் அது விலகி ஒலி நீடிக்கும், காலை எடுத்தால் ஒலி செத்துவிடும். குழாய்களின் வாயில் வட்டத் தகடுகள், அவற்றைச் சுழற்ற ஒரு மோட்டார். தகடு திறந்து மூடும்போது ஒலி கூடிக் குறையும். இதைத்தான் எல்லோரும் சுரம் நடுங்குவதாக நினைக்கிறோம். சுரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, சத்தம்தான் ஏறி இறங்குகிறது. 1930 இல் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பதிவு ஒன்றில் இதை ஜாஸுக்குள் கொண்டுவந்த லயனல் ஹாம்ப்டன் மோட்டாரை வேகமாக ஓடவிட்டவர். மில்ட் ஜாக்சன் மெதுவாக்கினார். கேரி பர்ட்டன் நிறுத்தியே விட்டார்.

"இதில் மோட்டாரைப் போட்டுக் காட்டு" என்றேன்.

"பெல்ட் அறுந்துவிட்டது அப்பா. நான் சேர்ந்ததிலிருந்தே இல்லை."

ஆனால் இன்னொன்று காட்டினாள். பட்டையின் இரு ஓரங்களிலும் துளையிட்டுக் கயிறு கோத்திருக்கிறார்கள். கயிறு போகிற இடம் அதிராத இடம். அங்கே கெட்டியான ரப்பர் கோலை அழுத்தி வைத்து, இன்னொரு கோலால் நடுவில் தட்டி, அழுத்திய கோலை மெல்ல நடுவை நோக்கி இழுத்தாள். சுரம் சற்றே கீழே சரிந்தது! எனக்குப் புல்லரித்தது. பதிவு செய்து அம்மாவுக்கு அனுப்பினேன். இரவு ஒரு வரி வந்திருந்தது: "அது கமகம் இல்லை, வழுக்கல்."

பிப்ரவரி 15, ஞாயிறு

இரண்டாம் பக்கத்தின் முதல் உருப்படி 'மெய்டன் வாயேஜ்', ஹான்காக் எழுதிய அந்த ஒன்று. 1965 மார்ச்சில் அவரே ஐவர் குழுவாகப் பதிவு செய்திருந்தார். ஃப்ரெடி ஹப்பர்ட் டிரம்பெட், ஜார்ஜ் கோல்மன் சாக்ஸஃபோன். ஒரு வருடம் ஆவதற்குள் அதே மெட்டை நண்பரின் தட்டில் மறுபடி வாசிக்கிறார், இம்முறை ஊதுகுழல்களே இல்லாமல்.

இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டதில் ஞாயிறு மதியம் முழுவதும் போயிற்று. மெட்டு நீண்ட சுரங்களால் ஆனது. ஊதுகிறவர்கள் மூச்சு இருக்கும்வரை அவற்றை ஒரே கனத்தில் தாங்குகிறார்கள். பட்டைக்கு மூச்சு ஏது? ஒவ்வொரு நீண்ட சுரமும் எழுந்த உடனே கரையத் தொடங்குகிறது. கரைந்த இடத்தில் பியானோவும் சிம்பலும் மேலே தெரிகின்றன. கப்பல் போவது முதல் பதிவு. கப்பல் போன பிறகு தண்ணீர் கிடப்பது இது. எது மேல் என்று கேட்டால் காலையில் ஒன்று சொல்வேன், ராத்திரி ஒன்று.

பிப்ரவரி 17, செவ்வாய்

'ஹெட் ஸ்டார்ட்'. வேகம், கெட்டிக்காரத்தனம், முடிந்தது. இதைத் தாண்டிப் போகிற நாட்கள்தான் அதிகம்.

பிப்ரவரி 19, வியாழன்

ஹட்சர்சன் கதை. பாசடீனாவில் வளர்ந்த பையன், தெருவில் நடக்கும்போது கடையிலிருந்து மில்ட் ஜாக்சன் வாசிப்பு காதில் விழுகிறது, அத்துடன் தொலைந்தான். அப்பா கொத்தனார். அவருடன் செங்கல் வேலை செய்து சேர்த்த காசில் வாத்தியம் வாங்கினான். முதல் கச்சேரிக்கு எந்தப் பட்டைக்கு அடுத்து எந்தப் பட்டை என்று மையால் எண் போட்டு வைத்திருந்தானாம். திரை விலகும் நேரத்தில் வந்து பார்த்தால், மேடைப் பொறுப்பாளர் எதோ அழுக்கு என்று ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்து வைத்திருக்கிறார். முதல் சுரம் சரியாக விழுந்தது, மீதி கூச்சல்தான் என்று பெரியவரான பிறகு சிரித்துக்கொண்டே சொல்வார்.

மகள் இந்தக் கதைக்குச் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அவளுக்குப் போட்டி இருக்கிறது.

2016 ஆகஸ்ட் 15 இல் ஹட்சர்சன் இறந்தார். பத்தே நாளில், 25 ஆம் தேதி, வான் கெல்டர்.

பிப்ரவரி 21, சனி

கடைசி உருப்படி 'தி ஓமென்'. மெட்டு என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. மரிம்பா, திடீர்ச் சத்தங்கள், திடீர் மௌனங்கள். ஆறு அழகான உருப்படிகளுக்குப் பிறகு இதை ஏன் வைத்தார் என்று முதலில் எரிச்சல். மூன்றாவது முறை விரும்பத் தொடங்கினேன். அம்மா அரை நிமிடம் கேட்டுவிட்டு, "அடுக்களையில் யார்?" என்றாள்.

அறுந்த மோட்டார் பெல்ட்டுக்குப் பதிலாக நான்கு டாலருக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். குழுப் பொறுப்பாளர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் அனுமதித்தார். முதலில் வளையம் வழுக்கியது, இரட்டையாகச் சுற்றியதும் பிடித்துக்கொண்டது. மோட்டார் ஓடியது. மகள் பெடலை மிதித்து நான்கு கோல்களையும் ஒன்றாக இறக்கினாள். கைப்பேசியில் அம்மா, அங்கே இரவு ஒன்பது மணி.

"இது கம்பிதம்!" என்றாள். சுரத்தை நடுக்கி அசைக்கும் கமகம்.

"இல்லை அம்மா, சுரம் அசையவில்லை, சத்தம்தான்…"

"என் காதுக்கு அசைகிறது. கொஞ்சம் மெதுவாக ஓடச் சொல்."

மகள் குமிழைத் திருகி மறுபடி தட்டினாள்.

"இன்னும்."

திருகினாள்.

"இன்னும் கொஞ்சம்."

மோட்டார் ஒரு முறை உறுமி நின்றுவிட்டது. மகள் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

"ஆங்" என்றாள் அம்மா.