பழைய லேப்டாப்: பட்டா இன்னும் யார் பேரில் இருக்கு?

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "யக்கா, இதுல வைரஸ் ஏதும் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க." வைரஸை அப்புறம் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, இந்த மெஷின் இன்னும் யார் பேரில் இருக்கிறது என்பதை. நிலம் வாங்கினால் கிரயம் முடிந்ததோடு நாம் விட்டுவிடுவதில்லை, பட்டா நம் பேருக்கு மாறுகிற வரை தாலுகா ஆபீசுக்கு நடக்கிறோம். லேப்டாப் விஷயத்தில் மட்டும் காசைக் கொடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். அட்மின் பாஸ்வேர்டு, தூரத்திலிருந்தே மெஷினைத் திறந்து ஓட்டுகிற ரிமோட் செயலி, பழைய கம்பெனியின் பதிவு எல்லாம் முந்தைய ஆளின் பேரிலேயே கிடக்கும். நம்மை வேவு பார்க்க அந்த ஆளுக்கு ஹேக்கிங் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை.

சேரன்மகாதேவியில் வீட்டு முன்னறையில் டிடிபி வேலையும் கம்ப்யூட்டர் சர்வீஸும் பார்க்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு பத்தமடை, முக்கூடல், வீரவநல்லூர்ப் பக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பெண்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மெடிக்கல் கோடிங், டேட்டா என்ட்ரி, ஆன்லைன் டியூஷன். புது லேப்டாப்புக்கு வழி இருக்காது. பெரிய கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் மாடல் லேப்டாப் எல்லாம் சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு என்று கைமாறி நம்ம ஊர்க் கடைகளுக்கும் வந்து சேர்கின்றன. உழைக்கிற மெஷின்கள். கேட்டால் நானும் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

பத்தமடையிலிருந்து ஒரு பிள்ளை அப்படி வாங்கின திங்க்பேடோடு வந்தாள். "யக்கா, மவுஸ் அம்பு தானா நவுருது. நான் சும்மா இருக்கும்போதே நவுருது. யாரோ உள்ள இருந்து பாக்க மாதிரியே இருக்கு" என்றாள். திறந்து வைத்து இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்பு மெதுவாக ஊர்ந்து வலது மேல் மூலைக்குப் போய் நின்றது. எதையும் கிளிக் பண்ணவில்லை. எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. கீபோர்டு நடுவே இருக்கிற சிவப்புக் குமிழ் பழசானால் அப்படித்தான் ஒரே பக்கமாக இழுக்கும். மனுசன் ஓட்டினால் அம்பு ஒரு இடத்துக்குப் போகும், நிற்கும், எதையாவது திறக்கும். அவளுக்கு இன்னொரு பயம், கேமரா பக்கத்தில் சிவப்பாக மங்கல் வெளிச்சம். அது முகம் பார்த்துத் திறக்கிற விண்டோஸ் ஹலோவின் அகச்சிவப்பு விளக்கு. லாக் ஸ்கிரீன் வரும்போதெல்லாம் மினுக்கும்.

அவள் பயந்த இரண்டும் ஒன்றுமில்லாதவை. அதற்காக "ஒண்ணுமில்ல தாயி, போ" என்று அனுப்பிவிட எனக்கு மனசு வரவில்லை. பயப்படுகிற பெண்ணிடம் அவள் சொன்ன அடையாளம் தப்பு என்று காட்டிவிட்டால் மட்டும் சோதனை முடிந்துவிடாது.

டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்தேன், மெஷின் போட்டதும் தானாக ஓடுகிற செயலிகளின் பட்டியல் அது. நடுவில் ஒரு ரிமோட் செயலி. எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் என்று பல இருக்கின்றன, அந்த வகையறாவில் ஒன்று. திறந்து செட்டிங்ஸ் பார்த்தால், இந்தப் பக்கம் யாரும் 'அனுமதி' அமுக்காமலே பாஸ்வேர்டு போட்டு உள்ளே வரும்படி வைத்திருந்தார்கள். அவள் அப்படி ஒரு பெயரையே கேள்விப்பட்டதில்லை. இந்தச் செயலிகள் பெரும்பாலும் யார், எப்போது உள்ளே வந்தார்கள் என்று தாங்களே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைக்கும். எனிடெஸ்க் என்றால் ப்ரோகிராம் டேட்டா ஃபோல்டருக்குள் 'கனெக்ஷன் ட்ரேஸ்' என்ற பெயரில், டீம்வியூவர் என்றால் 'கனெக்ஷன்ஸ் இன்கமிங்' என்ற பெயரில். அதைத் தேடித் திறந்தோம். தேதி, நேரம், உள்ளே வந்த ஐடி. அவள் போன் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தோம். ஒன்று பில் போட்ட தேதி. இன்னொன்று பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று அவளே கடைக்குப் போன் பண்ணின நாள். கடைசி வரி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அன்றைக்கு அவள் யாரையும் கூப்பிடவில்லை.

உடனே அன்இன்ஸ்டால் பண்ணுங்கள் என்றாள். நான் விடவில்லை. வைஃபையை மட்டும் நிறுத்திவிட்டு, அந்தத் திரைகளை எல்லாம் அவள் போனில் படம் எடுக்கச் சொன்னேன், அந்த ஃபைலையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டோம். அழித்துவிட்டால் பிறகு நம்மிடம் வாய்ப்பேச்சுதான் மிஞ்சும்.

அவளும் அவள் அண்ணனும் கடைக்குப் போனார்கள், நானும் கூடப் போனேன். கடைக்காரர் மறைக்கவே இல்லை. "நாங்க விக்கிற எல்லா மெஷின்லயும் போட்டுத்தாம்மா குடுக்கோம். ஒரு பிரச்சனைன்னா பஸ் ஏறித் தூக்கிட்டு வர வேண்டாம்லா, இங்கேருந்தே சரி பண்ணிருவோம்." அந்தச் செவ்வாய்க்கிழமையைக் காட்டினதும், "கடைப் பையன் எவனாவது டெஸ்ட் பண்ணிருப்பான்" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக எனக்குப் படவில்லை. ஆனால் அந்தப் பதில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் பாஸ்வேர்டு தெரியும், எல்லா மெஷினுக்கும் அதே பாஸ்வேர்டு என்றுதானே அதற்கு அர்த்தம்? அவள் படுக்கிற அறையில் திறந்திருக்கிற மெஷின் அது. பேங்க் கணக்கு, அவளுடைய வாட்ஸ்அப், அவள் வேலை பார்க்கிற கம்பெனியின் நோயாளி விவரங்கள் எல்லாம் அந்தத் திரையில்தான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லி, வேண்டும்போது மட்டும் திறந்துகொள்கிற மாதிரி போட்டிருந்தால் அது சர்வீஸ். சொல்லாமல் போட்டதற்கு வேறு பெயர்தான்.

கேமராவை அவர்கள் தொட்டதற்கு அடையாளம் இல்லை. செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் கேமரா என்று போனால் எந்தச் செயலி கடைசியாக எப்போது பயன்படுத்தியது என்று காட்டும். அவளுடைய மீட்டிங் செயலியும் குரோமும் மட்டும்தான் இருந்தன. எல்லோரும் கேமராவில் பொட்டை ஒட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒட்டுங்கள், நல்லதுதான். ஆனால் கசிவது பெரும்பாலும் திரை வழியாகத்தான்.

கடைக்காரர் சொல்கிற 'சேவைக்காகத்தான்' என்ற காரணத்தைக் கேட்கும்போதெல்லாம் அமெரிக்காவில் நடந்த ஒன்று எனக்கு ஞாபகம் வரும். தவணை வாடகைக்குக் கம்ப்யூட்டர் விடும் கடைகளுக்கு டிசைனர்வேர் என்ற கம்பெனி ஒரு மென்பொருள் விற்றது. தவணை கட்டாதவர்களிடமிருந்து மெஷினை மீட்பதற்காக என்று சொன்னார்கள். அதிலிருந்த 'டிடெக்டிவ் மோடு' தட்டச்சு செய்வதையும் திரையையும் பதிவு செய்தது, வெப்கேமில் வீட்டுக்குள் படம் எடுத்தது, போலியான பதிவுப் படிவம் காட்டி விலாசத்தையும் வாங்கியது. 2012-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் அந்தக் கம்பெனி மீதும் 7 வாடகை நிறுவனங்கள் மீதும் நடவடிக்கை எடுத்தது. உலகம் முழுக்கச் சுமார் 4,20,000 கம்ப்யூட்டர்களில் அந்த மென்பொருள் இருந்திருக்கிறது. அதற்கும் சொல்லப்பட்டது ஒரு நியாயமான காரணம்தான்.

இதில் வைரஸ் ஸ்கேன் ஏன் உதவாது என்று புரிந்திருக்கும். ரிமோட் செயலி சட்டப்படியான மென்பொருள், ஆன்டிவைரஸ் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாது. அப்படியே கண்டுகொள்கிற வேவுச் செயலியாக இருந்தாலும், போட்டவன் விண்டோஸோடு வருகிற ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' (சோதிக்காமல் விட வேண்டியவை) பட்டியலில் அந்த ஃபோல்டரைச் சேர்த்துவிட்டால் முடிந்தது. அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள், புதிதாக வாங்கிய மெஷினில் அது காலியாக இருக்க வேண்டும். திருட்டு விண்டோஸ் போட்டு, லைசென்ஸ் இருப்பதாக ஏமாற்றுகிற ஆக்டிவேட்டர் ஓட்டின மெஷின்களில் பெரும்பாலும் அங்கே ஏதாவது இருக்கும். குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று வந்தால், நீங்கள் எந்த நிறுவனத்திலும் இல்லையென்றால், ஏன் என்று தோண்ட வேண்டும். செட்டிங்ஸின் அக்கவுண்ட்ஸ் பகுதியில், கம்பெனி அல்லது பள்ளிக் கணக்கு சேர்ந்திருந்தால் காட்டுகிற 'ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்' காலியாக இருக்கிறதா, நீங்கள் உருவாக்காத யூசர் யாராவது இருக்கிறார்களா, குரோமில் சேர்த்திருக்கிற எக்ஸ்டென்ஷன்களில் தெரியாத பெயர் உண்டா என்றும் பாருங்கள். மெஷின் சூடாகிறது, ஃபேன் கத்துகிறது என்பதெல்லாம் வேவுக்கு அடையாளம் இல்லை. பெரும்பாலும் அது தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்.

கம்பெனி கழிசல் மெஷின்களில் இன்னும் ஆழமான இரண்டு இடங்கள் உண்டு, விண்டோஸை அழித்துப் போட்டாலும் அவை போகாது. ஒன்று, விண்டோஸுக்கு முன்னால் மெஷினை எழுப்புகிற பயோஸில் உட்கார்ந்திருக்கும் அப்சல்யூட் என்ற மென்பொருள், பழைய பெயர் கம்ப்யூட்ரேஸ். திருட்டுப் போன மெஷினைக் கண்டுபிடிக்க உண்டானது. ஹார்டு டிஸ்க்கையே மாற்றினாலும் திரும்ப முளைக்கும். 2008-ல் ஒஹாயோவில் திருட்டுப் போன ஒரு பள்ளி லேப்டாப்பை ஒரு மாணவனிடமிருந்து 60 டாலருக்கு வாங்கிய தற்காலிக ஆசிரியை ஒருவருக்கு இதனால் நடந்தது கொடுமை. தேடிக்கொடுக்க வேண்டிய நிறுவனத்தின் ஆள் அவருடைய அந்தரங்க உரையாடல்களையும் படங்களையும் திரையிலிருந்து எடுத்துப் போலீசுக்குக் கொடுத்தார். அந்த ஆசிரியை போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்ய முடியாது என்று 2011-ல் நீதிமன்றம் சொன்னது. பயோஸுக்குள் போக, மெஷினைப் போட்டதும் அமுக்க வேண்டியது லெனோவாவில் எஃப் 1, டெல்லில் எஃப் 2, ஹெச்பியில் எஃப் 10. அங்கே அது 'ஆக்டிவ்' என்று இருந்தால் அந்த மெஷினை வாங்காதீர்கள். பயோஸே பாஸ்வேர்டு கேட்டாலும் வாங்காதீர்கள்.

இன்னொன்று ஆட்டோபைலட், கம்பெனிகள் தங்கள் மெஷின்களைத் தானாக அமைத்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் கொடுக்கிற வசதி. பழைய கம்பெனி அந்த மெஷினை மைக்ரோசாஃப்டிடம் தன் பேரில் பதிந்துவிட்டு நீக்காமல் விற்றிருக்கும். இன்டர்நெட் இல்லாமல் செட்டப் முடித்துக் கொடுப்பதால் கடையில் தெரியாது. ரீசெட் செய்து நெட் கொடுத்ததும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் வந்து நின்று லாகின் கேட்கும். அதனால் காசு கொடுப்பதற்கு முன்னால், கடையிலேயே ரீசெட் போட்டு, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். நேரம் பிடிக்கும், கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

மற்ற எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான். வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸ் பென்டிரைவ் தயார் பண்ணி, டிஸ்க்கில் பிரித்து வைத்திருக்கிற எல்லா பார்ட்டிஷனையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. கடைக்காரர் வைத்துக் கொடுத்த ரெக்கவரியை நம்ப வேண்டாம், அதற்குள்ளேயே அந்தச் செயலியும் இருக்கலாம். ஒரிஜினல் லைசென்ஸ் உள்ள மெஷின் என்றால் நெட் கொடுத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். பத்தமடைப் பிள்ளையின் மெஷினில் அதைத்தான் செய்தோம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இன்டெல் சிப்பில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ள மெஷின்களை, ஒன்றிரண்டு தவிர, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அப்படிப்பட்டதை மலிவாகக் கொடுத்தால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள், டியூஷனுக்கும் டைப்பிங்குக்கும் தாராளமாகப் போதும்.

புதிதாகப் போட்ட பிறகு பாஸ்வேர்டுகளை உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள். கூகுள் அக்கவுண்டில் 'உங்கள் சாதனங்கள்' பார்த்துத் தெரியாததை வெளியேற்றுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பார்க்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பழைய லேப்டாப்பை எத்தனை முறை கழுவினாலும் வேறொரு கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸ்அப் திறந்திருந்தால் என்ன பிரயோசனம்?

அவள் புகார் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்றுதான் நான் சொன்னேன், முடிவு அவளுடையது. அனுமதியில்லாமல் இன்னொருவர் கம்ப்யூட்டருக்குள் போவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவில் வரும், அதையே நேர்மையில்லாமலோ மோசடியாகவோ செய்திருந்தால் 66-ஆம் பிரிவில் 3 வருஷம் வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகார் பதியலாம், பணம் போயிருந்தால் உடனே 1930.

இதுவரை சொன்னது கடையில் வாங்கியவர்களுக்கு. லேப்டாப்பைக் கொடுத்தது வீட்டுக்காரரோ, நிச்சயம் பண்ணின பையனோ, அத்தை மகனோ என்றால், பார்க்கிறவர் அவர்தான் என்று சந்தேகம் இருந்தால், தயவுசெய்து முதல் வேலையாக எதையும் அழிக்காதீர்கள். அழித்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் அந்த வீட்டுக்குள்தான் இருப்பீர்கள். அந்த மெஷினில் இதைப் பற்றித் தேடவும் வேண்டாம். நம்பிக்கையான தோழியின் போனிலிருந்து பேசுங்கள், பெண்கள் உதவி எண் 181 இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். என்னிடம் கொண்டுவருவதாக இருந்தால் பிரிண்டர் ரிப்பேர் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். வைஃபை அணைத்த நிலையில், சார்ஜரோடு. யாரிடமும் நான் வேறு காரணம் சொல்ல மாட்டேன்.