ஜெய்சல்மர் நாட்குறிப்பு: வெயிலும் தண்ணீரும்

மே 14

காலை ஒன்பதரைக்குள் வேலையை முடித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். இங்கே அதுதான் முதல் விதி. ஜெய்சல்மருக்கு மேற்கே, 'சம்' என்ற ஊருக்குப் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஊர் இது. பொதுநிலங்களில் உள்ள குளம், கிணறு, மேய்ச்சல் தரைகளை வரைபடத்தில் குறிப்பதற்காக வந்திருக்கிறோம். மதியம் 'லூ' என்கிற அனல்காற்று அடிக்க ஆரம்பித்தால் தெருவில் ஈ காக்கை இருக்காது.

தங்கியிருப்பது 'ஜோம்பா' எனும் வட்டக் குடிசையில். மண்ணும் சாணமும் குழைத்துப் பூசிய கனத்த சுவர், புல் வேய்ந்த கூம்புக் கூரை, கையகல ஜன்னல். வெளியே 45 டிகிரி அடிக்கும்போதும் உள்ளே தூங்க முடிகிறது. பக்கத்திலேயே புது சிமெண்ட் வீடு இருக்கிறது. மதியத்தில் அந்த வீட்டுக்காரர்களும் இங்கேதான் வந்து படுக்கிறார்கள்.

காலையில் காகிசா (சித்தியை இங்கே இப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) 'ராப்' கொடுத்தார். கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சியது. கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதைப் பழக ஒரு நிமிடம் போதும்.

மே 19

2016இல் இதே நாளில்தான் பலோடியில் 51 டிகிரி பதிவானது. இங்கிருந்து கிழக்கே சில மணி நேரப் பயணம். அந்த நாளைப் பற்றி ஊரில் கேட்டால் மனிதர்களை விட ஆடுமாடுகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இன்று காலை ஒரு சாண்டா பல்லியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முள்வால் பல்லி, ஒரு முழ நீளம் இருக்கும். வளையை விட்டு வெளியே வந்தபோது உடம்பு கருமையாக இருந்தது. வெயில் ஏற ஏற வெளுத்து, கடைசியில் மணல் நிறத்துக்கே வந்துவிட்டது. குளிரில் கருத்த தோல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், சூடேறியதும் வெளுத்த தோல் அதைத் திருப்பி அனுப்பும். புல்லும் இலையும் மென்றது. தண்ணீருக்கென்று அது எங்கேயும் போவதில்லை, தின்பதிலேயே கிடைத்துவிடுகிறது. மிஞ்சிய கொழுப்பெல்லாம் வாலில் சேர்கிறது. எட்டரை மணிவாக்கில் உள்ளே போய், வளையின் வாயை உள்ளிருந்தே மண்ணால் அடைத்துக்கொண்டது. இதற்கு மேல் ஒரு நாளை ஒழுங்காக வாழ்ந்து முடிக்க என்ன வேண்டும் என்று தோன்றியது. எண்ணெய்க்காக இதைப் பிடித்துக் கொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டப்படி குற்றம், மருத்துவத்தில் பயன் எதுவும் கிடையாது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

மே 23

பேரி பார்த்தோம். இந்தப் பயணத்தில் நான் பார்க்க ஆசைப்பட்டதே இதைத்தான்.

வற்றிக் கிடக்கும் குளத்தின் தரையில் ஆள் இறங்கும் அகலத்துக்குத் தோண்டிய சிறு கிணறுகள். நிலத்தடி நீர் வெகு ஆழத்தில், அதுவும் உப்பாக இருக்கிறது. ஆனால் மணலுக்குக் கீழே சில இடங்களில் ஜிப்சம் படுகை ஓடுகிறது. பெய்த மழை மணலில் இறங்கி, படுகையைத் தாண்ட முடியாமல் அங்கேயே ஈரமாக நிற்கும். அந்த ஈரம்தான் பேரியின் சுவர் வழியாகக் கசிந்து அடியில் சேர்கிறது. சாயங்காலம் இறைத்துவிட்டால் ராத்திரி முழுக்கக் கசிந்து காலையில் மறுபடி சில குடம் கிடைக்கும். அவசரப்பட்டுக் கூடுதலாக எடுக்க வழியே இல்லை. ஆழமாகத் தோண்டினால் படுகை உடைந்து, இருக்கிற தண்ணீரும் கீழே போய்விடும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது தோண்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வருஷத்துக்கு 200 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்கிற இடத்தில் குடித்த தண்ணீர் அது. துளி உப்பில்லை.

மே 24

தூசிப்புயல். வேலை இல்லை.

மே 28

விடியற்காலையில் குளக்கரை. கோடையிலும் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சிய குளம் இது ஒன்றுதான். வெயில் ஏறியதும் கல்கௌதாரிகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கின. ஒரு சேவல் நீருக்குள் நடந்து, வயிற்றை அமிழ்த்தி அமிழ்த்தி அசைத்துக்கொண்டே நின்றது. அதன் வயிற்று இறகுகள் பஞ்சுபோல் நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்பவை. பல கிலோமீட்டர் பறந்து போய் நிற்கும், குஞ்சுகள் அந்த இறகைச் சப்பித் தாகம் தீர்த்துக்கொள்ளும்.

பின்னாலேயே ஒட்டகங்கள். திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு. தாகமாயிருக்கும் ஒட்டகம் கால் மணி நேரத்துக்குள் நூறு லிட்டர் குடித்துவிடும். பகலில் தன் உடம்பின் சூடு 40 டிகிரியைத் தாண்டினாலும் விட்டுவிட்டு, ராத்திரிக் குளிரில் 34 வரை இறக்கிக்கொள்ளும். வியர்த்துத் தண்ணீரை வீணாக்க வேண்டியதில்லை. ஆனால் மேய்க்க ஆளும் குறைந்துவிட்டது, மேய்ச்சல் தரையும் குறைந்துவிட்டது. ராஜஸ்தானில் 2012 கணக்கெடுப்பில் சுமார் 3.26 லட்சம் ஒட்டகங்கள், 2019இல் சுமார் 2.13 லட்சம். 2014இல் மாநில விலங்காக அறிவித்த பிறகும் இதுதான் நிலைமை.

ஜூன் 2

சாங்ரி பறிக்கும் காலம். கேஜ்ரி மரத்தின் பிஞ்சுக்காய்தான் சாங்ரி. கேஜ்ரி வேறெதுவும் இல்லை, நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான். நான் இதுவரை அதைச் சுற்றிக் கும்பிட்டுத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே அது சோறு போடுகிறது. இலை ஆட்டுக்குத் தீவனம், காய் மனிதர்களுக்குக் கறி, நிழலடியில் கம்பு நன்றாகவே விளைகிறது. காய வைத்த சாங்ரி வருஷக்கணக்கில் கெடாது.

காகாசா (சித்தப்பா) பெரும்பஞ்சத்தைப் பற்றிச் சொன்னார். 1899-1900இல் வந்தது. விக்ரம ஆண்டு 1956 என்பதால் 'சப்பனியா' (சப்பன் என்றால் ஐம்பத்தாறு) என்று இன்றும் பெயர். "கேஜ்ரி பட்டையை உரித்து இடித்து மாவாக்கி ரொட்டி சுட்டுத் தின்றார்கள் பேட்டா. மரம் இருந்த வீட்டில் ஆள் மிஞ்சினார்கள்" என்றார். ஜோத்பூர் பக்கம் கேஜர்லியில் 1730இல் அரண்மனை வேலைக்காக இந்த மரத்தை வெட்ட வந்தபோது, அம்ருதா தேவி தொடங்கி பிஷ்னோயி சமூகத்தினர் 363 பேர் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிரை விட்டது ஏன் என்று இந்த ஒரு வாக்கியத்தில் புரிந்தது.

ஜூன் 6

இன்று ஓரண். நம்மூர்க் கோயில்காடு மாதிரி, தெய்வத்தின் பேரில் விட்ட நிலம். கிளை வெட்டக்கூடாது, உழக்கூடாது, மேய்க்கலாம். சேவண் புல், கேர் புதர், ஜால் மரம். புதர் நிழலில் சிங்காரா மான்கள் அசையாமல் படுத்திருந்தன.

பதிவேடுகளில் இப்படிப்பட்ட பல ஓரண்கள் தரிசு என்றே எழுதப்பட்டிருக்கின்றன. அதனால்தான் காற்றாலைக்கும் சோலார் பூங்காவுக்கும் முதலில் கண்ணில் படுவது இவைதான். தேக்ராய் ஓரணுக்குள் உயரழுத்தக் கம்பிகள் ஓடுகின்றன. கானமயில் (மயில் இல்லை, Great Indian Bustard என்கிற பெரிய புல்வெளிப் பறவை) பறக்கும்போது அதற்கு நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. 15 கிலோ வரை எடையுள்ள பறவை, கடைசி நொடியில் திரும்பவும் முடியாது. கம்பியில் மோதிச் சாகின்றன. உலகத்திலேயே மொத்தம் 150 அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கின்றன. கம்பிகளை நிலத்தடியில் பதிக்கச் சொல்லி 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024இல் அதைத் தளர்த்திக் குழு அமைத்தது. சம்மிலும் ராம்தேவ்ராவிலும் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள், நல்ல வேலை. வளர்ந்த பறவையைத் திறந்துவிட ஒரு புல்வெளி மிஞ்ச வேண்டுமே.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று இந்த ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. ஓரணை விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்.

ஜூன் 11

மழைக்கு முன் 'ஆகோர்' சுத்தம் செய்கிறார்கள். குளத்துக்குத் தண்ணீர் ஓடிவரும் சரிவுநிலத்துக்கு அந்தப் பெயர். வீட்டுக்கு ஒருவர் வந்து சாணம், முள், குப்பை எல்லாவற்றையும் அள்ளினார்கள். செருப்பைக் கரையோரம் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். நாங்களும் கூடை தூக்கினோம்.

குளத்தை மட்டும் குறித்தால் போதாது, ஆகோரின் எல்லையையும் சேர்த்தே வரைய வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. சரிவில் ஒரு சாலை குறுக்கே விழுந்தாலே குளம் நிரம்பாது. நாளை விடிவதற்குள் கிளம்பி வடக்கு எல்லையை நடந்து முடிக்கிறோம். காகாசா வழிகாட்ட வருகிறார்.