பாயிண்ட்ஸ்மேன் வேலைக்குப் படிக்கிறவர்களுக்கு

ரயில் பெட்டிகளை இணைக்கவும் பிரிக்கவும், வண்டி தடம் மாறவும் உதவுகிற ஊழியர்தான் பாயிண்ட்ஸ்மேன். அந்த வேலைக்காக, ரயில்வேயின் தொடக்க நிலைப் பணிகளுக்கான லெவல் 1 தேர்வுக்கு ஒன்றரை ஆண்டு படித்தேன். 90 நிமிடத்தில் 100 கேள்விகள். ஒரு தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். தெரியாததைத் தொடாமல் விடப் பழகிய பிறகுதான் என் மதிப்பெண் ஏறியது. இதையெல்லாம் சொல்லித்தரப் பலர் இருந்தார்கள். பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் இடமான யார்டில் என்ன காத்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 35 கிலோ சுமையைக் கீழே வைக்காமல் 2 நிமிடத்துக்குள் 100 மீட்டர் கொண்டுபோக வேண்டும். 1,000 மீட்டரை 4 நிமிடம் 15 விநாடிக்குள் ஓட வேண்டும். இரண்டுக்கும் ஒரே வாய்ப்பு. மணல் மூட்டையோடு தினமும் நடந்து பழகுங்கள். கண் பரிசோதனையையும் முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். பாயிண்ட்ஸ்மேனுக்கு ஏ2 என்கிற மருத்துவத் தகுதி வேண்டும். கண்ணாடி இல்லாமல் இரு கண்ணிலும் 6/9 பார்வை, நிறம் பிரித்தறியும் திறன் இரண்டும் கட்டாயம்.

எனக்குத் திருச்சியில் பயிற்சி. ஷண்டிங், அதாவது பெட்டிகளை நகர்த்திச் சேர்க்கும், பிரிக்கும் வேலைக்கான கைச்சைகைகளை அங்கே கற்றுக்கொண்டேன். பச்சைக் கொடியை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் வண்டி நம்மை விட்டு விலகும். உடலுக்குக் குறுக்கே இடமும் வலமுமாக அசைத்தால் நம்மை நோக்கி வரும். சிவப்புக் கொடி கையில் இல்லையென்றால் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும், வண்டி நின்றுவிடும். நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தால் போதாது. இரவில், மழையில், கை யோசிக்காமல் அசைய வேண்டும். நான் விடுதி மொட்டைமாடியில் டார்ச் விளக்கோடு பழகினேன்.

யார்டுக்குப் போன மூன்றாவது வாரம், இன்ஜின் பெட்டியைத் தொட்டதும் இரண்டையும் இணைக்கும் திருகுக் கொக்கியான ஸ்க்ரூ கப்ளிங்கை மாட்ட உள்ளே குனியப் போனேன். பெட்டி இன்னும் அசைந்துகொண்டிருந்தது. மூத்த பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். "நின்றுவிட்டது என்று காது சொன்னால் நம்பாதே தம்பி. சக்கரத்தைப் பார், அப்புறம் உள்ளே போ" என்றார். இன்றுவரை சக்கரத்தைப் பார்த்த பிறகுதான் குனிகிறேன். அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் சரி, அந்த ஒரு பார்வையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பணி நேரம் இடத்துக்கு இடம் மாறும். போக்குவரத்து மிகுந்த யார்டுகளில் 8 மணி நேரம், போக்குவரத்து குறைந்த நிலையங்களில் 12 மணி நேரம். 12 மணி நேரம் மனித உடலுக்கு அதிகம் என்பதே என் எண்ணம். இரவுப் பணி முடிந்து வந்ததும் வேறு வேலை எதையும் தொடாமல் தூங்கிவிடுங்கள். வீட்டாரிடம் இதை முதல் நாளே சொல்லி வையுங்கள். என் அம்மாவுக்குப் புரிய ஆறு மாதம் ஆனது.