வெள்ளி நிறத்தில் வந்தவர்

மே 12, 2022, வியாழன்

நாளை சாயங்காலம் தோக்கியோவின் கிபாவில் 'ஷின் அல்ட்ராமேன்' படத்தின் முதல் நாள் காட்சிக்கு டிக்கெட் போட்டாயிற்று. வேற்றுக்கோளிலிருந்து வந்து மிருகங்களோடு மோதும் பேருருவ வீரன் அல்ட்ராமேனின் கதை. ஒரே ஒரு டிக்கெட். பையனுக்குச் சனிக்கிழமை காலையில் நீச்சல் வகுப்பு, அதனால் இரவு கண்விழிக்க முடியாது. அவனை அடுத்த வாரம் கூட்டிப்போவதாக ஒப்பந்தம்.

"நீ மொதல்ல பாத்துட்டு வாம்மா. ஆனா கலர் டைமர் இருக்கான்னு மட்டும் எனக்குச் சொல்லிடணும்" என்றான்.

சுவரொட்டியில் அல்ட்ராமேனின் நெஞ்சில் அந்த விளக்கு, அதாவது கலர் டைமர், இல்லை. எட்டு வயதுக்காரனுக்கு அது பெரிய கவலை. அவனிடம் இருக்கும் பதினேழு சோஃபுபி (மெத்தென்ற வினைல்) பொம்மைகளிலும் அந்த விளக்கு உண்டு. பூமியில் மூன்று நிமிடந்தான் நிற்க முடியும். சக்தி தீரத் தீர நீலம் சிவப்பாகி மினுக்கும். "அது இல்லாட்டி அவனுக்கு முடியலைன்னு யாருக்கும்மா தெரியும்?"

எனக்கும் பதில் தெரியவில்லை.

மே 13, வெள்ளி, இரவு 11.30

கதையைச் சொல்லிவிடுவேன். பார்க்காதவர்கள் இந்த நாளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அரங்கில் பாதிக்கு மேல் ஐம்பது, அறுபது வயது ஆண்கள். அலுவலகத்திலிருந்து நேராக வந்தவர்கள், மடியில் பை. விளக்கணைந்ததும் திரையில் வண்ணக் குழம்பு சுழன்று 'ஷின் காட்ஸில்லா' என்று எழுத்தானது. அடுத்த நொடி அது வெடித்துச் சிவப்புப் பின்னணியில் 'ஷின் அல்ட்ராமேன்' என்று மாறியது. எனக்கு முன்வரிசையில் ஒருவர் மூச்சை உள்ளிழுத்தது கேட்டது. 1966-ல் வந்த மூலத் தொலைக்காட்சித் தொடரில், அதற்கு முந்தைய தொடரான 'அல்ட்ரா கியூ'வின் பெயர் வெடித்துத்தான் 'அல்ட்ராமேன்' வரும். அதையே அப்படியே வைத்திருக்கிறார்கள். எழுதியவர் அன்னோ ஹிதேயாகி, இயக்கம் ஹிகுச்சி ஷின்ஜி. 2016-ல் 'ஷின் காட்ஸில்லா' எடுத்த அதே இருவர்.

முதல் சில நிமிடங்களில் ஆறு கைஜூக்கள், பேருருவ மிருகங்கள், வந்து ஒழிந்துவிடுகின்றன. எழுத்துகளைப் படிக்கவே நேரமில்லை. ஜப்பானில் மட்டும் ஏன் இந்தப் பேருருவங்கள் வருகின்றன என்று யாருக்கும் தெரியாது; ஆனாலும் அரசாங்கம் அதற்கென ஐந்து பேர் கொண்ட குழு அமைத்து, கோப்பு திறந்து, எண் போட்டு வைத்திருக்கிறது. பிறகு நெரோங்கா வருகிறது. மின்சாரம் தின்னும்போது மட்டும் கண்ணுக்குத் தெரியும் மிருகம். ஊரைக் காலி செய்த பிறகு ஒரு சிறுவன் மட்டும் மாட்டிக்கொள்கிறான். குழுவைச் சேர்ந்த காமினாகா அவனைத் தேடி ஓடுகிறார். அந்த நேரம் வானத்திலிருந்து ஒன்று விழுகிறது.

விழுந்த அதிர்ச்சியில் பறந்த கல் காமினாகாவின் மேல் படுகிறது. சிறுவனைத் தன் உடலால் மூடியபடி அவர் சாகிறார். புகைக்குள்ளிருந்து அது எழுந்து நிற்கிறது.

முழு வெள்ளி. ஒரு துளி சிவப்பு இல்லை. நெஞ்சில் விளக்கில்லை, முதுகில் பழைய தொடரின் உடையிலிருந்த, ஜிப்பை மறைக்கும் துடுப்பில்லை, நடிகர் வெளியே பார்ப்பதற்காகக் கண்ணில் போட்ட துளையும் இல்லை. உருவத்தை முதலில் வரைந்த நரிதா தோரு இந்த மூன்றையும் விரும்பியதே இல்லை. 1983-ல் அவர் தீட்டிய ஓவியத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இப்போது கணினியில் உடல் கொடுத்திருக்கிறார்கள். அசைவுக்கு 1966-ல் உடைக்குள் நின்ற அதே ஃபுருயா பின்னை அழைத்து, அவர் உடலசைவைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஒல்லி உடம்பு, சற்றே குனிந்த முதுகு, நீண்ட கைகள். கத்தவில்லை, மார்தட்டவில்லை. எவ்வளவு அமைதி! மிருகம் பாய்ச்சும் மின்சாரத்தை நெஞ்சில் வாங்கிக்கொண்டு நிற்கிறது.

நான் 'அது' என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். படத்திலும் அரசுக் கோப்பில் 'அல்ட்ராமேன் (தற்காலிகப் பெயர்)' என்றுதான் பதிகிறார்கள். அடுத்த முறை, கபோராவைத் தடுக்க வரும்போது, உடலில் சிவப்புக் கோடுகள். இறந்த காமினாகாவோடு ஒன்றாகி, அவர் உருவிலேயே மனிதர்களிடையே நடமாடுவதால் வந்த சிவப்பு. சக்தி குறையும்போது அந்தச் சிவப்பு பச்சையாக மாறுகிறது. பையனுக்கு இதுதான் பதில்: விளக்கு வேண்டாம், மேனியே சொல்லிவிடும்.

கபோரா அணுக்கழிவைத் தேடி மண்ணைத் துளைத்து வரும் மிருகம். அல்ட்ராமேன் அதன் கதிர்வீச்சைத் தன் மேல் வாங்கி, கதிர் எதையும் பாய்ச்சாமல் ஒரே குத்தில் முடித்து, பிணத்தைத் தூக்கிக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடுகிறார். கீழே மண்ணில் கதிர்வீச்சு சிந்தக் கூடாதென்று. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு இந்த நாட்டில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்க்கும்போது அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. 'அவர்' என்ற சொல் என் வாயில் அங்கேதான் வந்தது.

மற்றதை நாளை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே. படத்தில் வேற்றுக்கோள்காரர்களை வழக்கமான 'உச்சூஜின்' என்ற சொல்லால் அழைப்பதில்லை. 'கைசெய்ஜின்' என்கிறார்கள். வெளிக்கோள் ஆள். வார்டு அலுவலகத்தில் நான் நிரப்பும் படிவங்களில் என்னைக் குறிக்கும் சொல் 'கைகொக்குஜின்', வெளிநாட்டு ஆள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றேதான். பதினொரு ஆண்டாக அந்தச் சொல்லோடு வாழ்கிறேன். திரையில் அதன் உடன்பிறப்பைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மே 14, சனி

காலையில் குப்பை போடப் போனபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் தாழ்வாரத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நேற்று படம் பார்த்தேன் என்றேன். குவளையைக் கீழே வைத்துவிட்டார். அவரும் நேற்றே, முதல் காட்சியே பார்த்திருக்கிறார்!

1966 ஜூலை 17, ஞாயிறு மாலை 7 மணி. அவருக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டி. தொடரை வண்ணத்தில்தான் எடுத்திருந்தார்கள், ஆனால் வண்ணப் பெட்டி அவர் தெருவில் யாரிடமும் இல்லை. "அல்ட்ராமேன் உடம்பில் சிவப்பு இருப்பது எனக்குப் பல மாதம் தெரியாது. பத்திரிகை அட்டையில் படம் பார்த்து, தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்" என்றார். நெஞ்சு விளக்கின் நிறம் தெரியாது, ஆனால் அது மினுக்குவது தெரியும். கூடவே வரும் ஓசை வயிற்றைப் பிசையும். நேற்று புகைக்குள்ளிருந்து வெள்ளி உருவம் எழுந்தபோது, "அதுதான் என் வீட்டுக்கு வந்த அல்ட்ராமேன்" என்றார். முகக்கவசத்துக்கு மேல் கண் நிறைந்திருந்தது.

என் சந்தேகம் ஒன்றையும் தீர்த்துவைத்தார். நெரோங்காவும் கபோராவும் கழுத்துக்குக் கீழே ஒரே மாதிரி இருக்கின்றன, படத்திலேயே ஒருவர் அதைச் சொல்கிறார். அந்தக் காலத்தில் பணமில்லாமல் ஒரே ரப்பர் உடையைத் தலையை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். 1965-ல் ஒரு திரைப்படத்துக்காகச் செய்த, பரகோன் என்ற மிருகத்தின் உடை அது. அந்த வறுமையையே அன்னோ கதையின் காரணமாக்கிவிட்டார். கடைசியில் வரும் ஸோஃபியும் அப்படித்தான். மூலத் தொடரில் அவர் அல்ட்ராமேனை வீட்டுக்கு அழைத்துப்போக வரும் தோழர். ஆனால் அப்போது சிறுவர் பத்திரிகை ஒன்று, ஸெட்டன் என்ற மிருகத்தை ஏவிவிடும் வேற்றுக்கோள்காரர் என்று அவரைத் தவறாக அச்சிட்டுவிட்டதாம். பெரியவர் அந்தப் பக்கத்தைச் சிறுவயதில் பார்த்தவர். படம் அந்தத் தவறையே எடுத்துக் கதையாக்கியிருக்கிறது: பூமியை அழிக்க ஸெட்டனைக் கொண்டுவருவது அல்ட்ராமேனின் சொந்த ஆட்களே.

அன்னோ 1960-ல் பிறந்தவர், மாணவப் பருவத்தில் நண்பர்களோடு எடுத்த படத்தில் முகமூடிகூட இல்லாமல் தானே அல்ட்ராமேனாக நடித்தவர். ஒரு குழந்தை மனதில் வைத்துக்கொண்ட எதையும், அச்சுப் பிழையைக்கூட, அவர் வீணாக்கவில்லை.

மே 15, ஞாயிறு

மூவரும் சோஷிகாயா-ஓக்குரா போய் வந்தோம். அல்ட்ராமேனை உருவாக்கிய ட்சுபுராயா நிறுவனம் நெடுங்காலம் இருந்த பகுதி. ரயில் வரும்போது நடைமேடையில் அல்ட்ராமேன் பாட்டு. நிலையத்துக்கு வெளியே சிலை. கடைத்தெரு விளக்குகள்கூட அவர் முகம். பையன் சிலையின் நெஞ்சு விளக்கைப் பார்த்து நிம்மதியானான். இவர் குரோக்கெட் வாங்கித் தந்தார், சூடாக இருந்தது.

மே 18, புதன்

படத்தின் மேல் எனக்கிருக்கும் கோபத்தையும் எழுதிவிட வேண்டும்.

அசாமி என்ற அதிகாரி காமினாகாவின் கூட்டாளி. நாகாசாவா மசாமி நடிக்கிறார். அறிவுள்ள பாத்திரம். அவரை ஒரு கட்டத்தில் பேருருவாக மாற்றி நகரத்தின் நடுவே கிடத்துகிறார்கள். குட்டைப் பாவாடை, கீழிருந்து மேலே பார்க்கும் கேமரா. 1966 தொடரிலும் பெண் உறுப்பினர் ஒருவர் பேருருவானார் என்பது இதற்குச் சமாதானமாகாது. ஒரு பொருளைக் கண்டுபிடிப்பதற்காகக் காமினாகா அவர் உடம்பை முகர்ந்து பார்க்கும் காட்சியும் அப்படியே. மனித நாகரிகம் தெரியாத வேற்றுக்கோள்காரர் முகர்கிறார் என்று கதை சொல்லலாம். கேமராவைப் பிடித்தவர்கள் மனிதர்கள்தானே. அசாமி தன் பின்புறத்தைத் தானே தட்டி உற்சாகப்படுத்திக்கொள்வதை எத்தனை முறை காட்டுகிறார்கள்! எனக்கு மிகப் பிடித்த படத்தில் இப்படி இருப்பது வலிக்கிறது.

ஆனால் அந்த மெஃபிலாஸ்! நடிப்பவர் யமாமோட்டோ கோஜி. கோட்டு சூட்டுப் போட்ட வேற்றுக்கோள்காரர், வந்ததும் விசிட்டிங் கார்டு நீட்டுகிறார். பழமொழியாகச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் "எனக்குப் பிடித்த சொல்" என்கிறார். பூங்கா ஊஞ்சலில் காமினாகாவோடு உட்கார்ந்து பேசுகிறார். இசகாயா என்ற மதுக்கடையில் குடித்துவிட்டு, பில்லைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாமா என்கிறார். மொழி, வணக்கம், பழமொழி எதிலும் குறை சொல்ல முடியாது. அவ்வளவு கற்றதும் இந்த மக்களை விலைபேசுவதற்கு. எதிரே உட்கார்ந்திருக்கும் காமினாகாவுக்கோ ஜப்பானிய மரியாதையில் பாதி தெரியாது. கூட்டாளி என்றால் என்னவென்று அசாமி சொல்லித்தான் தெரிகிறது. நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸைப் படிக்கிறார், முன்பின் தெரியாத சிறுவனுக்காக ஒருவன் ஏன் செத்தான் என்று புரிந்துகொள்ள. எனக்கும் முதல் வருடம் இங்கே அப்படித்தான் இருந்தது. குனிய வேண்டிய இடத்தில் நிமிர்ந்து நின்றேன். அகராதியோடு தூங்கினேன்.

மே 21, சனி

இன்று பையனோடு. வசனம் வேகமாக இருந்தும் அவன் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டான்.

ஸெட்டனிடம் அல்ட்ராமேன் தோற்று விழுந்தபோது என் கையை இறுகப் பிடித்தான். அதன் பிறகு உலகமெங்கும் உள்ள அறிஞர்கள் சேர்ந்து, அவர் விட்டுச்சென்ற கணக்கைப் போட்டு வழி கண்டுபிடிக்கிறார்கள். அந்தப் பகுதி அவசரமாக ஓடுகிறது, இரண்டாம் முறையும் எனக்கு நிறையவில்லை. ஆனால் அதற்குப் பின் வரும் பேச்சு! எல்லாம் முடிந்து ஸோஃபி அவரைக் கேட்கிறார்: அவ்வளவு பிடித்துப்போய்விட்டதா உனக்கு, இந்த மனிதர்களை? பக்கத்து வீட்டுப் பெரியவர் 1967 ஏப்ரல் 9 அன்று, 39-வது வாரத்தில், ஏறக்குறைய இதையே கேட்டு அழுதவர்.

தன் உயிரைக் காமினாகாவுக்குக் கொடுத்துவிட்டு அல்ட்ராமேன் போகிறார். காமினாகாவின் கண் திறக்கிறது. குனிந்து பார்க்கும் முகங்கள். "ஒகாயெரி நசாய்" என்கிறாள் அசாமி. வீட்டுக்குத் திரும்பியவரிடம் சொல்வது. நம் வீட்டில் 'வந்துட்டியா, வா' என்பதுபோல. உடனே திரை அணைந்து யோனெசு கென்ஷியின் பாட்டு. பாட்டின் பெயர் 'எம் 87'. அல்ட்ராமேனின் ஊர் எம் 78 என்றுதான் எல்லாருக்கும் தெரியும், முதலில் எண்ணியது 87, எழுதும்போது மாறிப்போனது என்று பையனிடம் சொன்னேன். ரயில் முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தான்.

"அப்ப அவன் ஊரே தப்பாவா எழுதிட்டாங்க?"

"ஆமாண்டா."

"அவன் ஒண்ணும் சொல்லலியா?"

பெரியவர் தாழ்வாரத்தில் இருந்தார். "ஒகாயெரி" என்றார். "ததாய்மா", வந்துட்டேன், என்று கத்திக்கொண்டே பையன் உள்ளே ஓடினான். கை கழுவுமுன்பே சமையலறைக்கு வந்து, சாக்லேட் சுற்றும் வெள்ளித்தாள் இருக்கிறதா என்று கேட்டான். தன்னிடம் உள்ளவற்றில் பழைய அல்ட்ராமேனை எடுத்து, பசையும் கத்தரியுமாக உட்கார்ந்து, சிவப்புத் தெரியாதபடி கழுத்திலிருந்து கால்வரை ஒட்டினான். நெஞ்சு விளக்கின் மேலேயும் ஒரு துண்டு. அரைமணி நேரம் ஆயிற்று. கணுக்காலில் மட்டும் கொஞ்சம் சிவப்பு தெரிந்தது, தாள் போதவில்லை.

"பரவால்ல" என்று சொல்லிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டு மணியை அடிக்கப் போனான்.